வீட்டுக்கு எந்த ரவுட்டர்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



போன மாதம் செயலாளர் போன் செய்தார். "நீ நெட்வொர்க் வேலையிலேதானே இருக்கே? எல்லாருக்கும் உபயோகமா ஏதாவது பேசு. ஆனா இருபது நிமிஷம்தான். அதுக்கப்புறம் சாப்பாடு" என்றார். பந்திக்கும் பசிக்கும் நடுவில் நிற்பவன் நிலைமை எனக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வந்து விடுகிறேன்.

கல்யாண வீட்டில் டாக்டரைப் பார்த்தால் முழங்கால் வலியைச் சொல்வார்கள். என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, வீட்டுக்கு எந்த ரவுட்டர் வாங்கலாம்? கம்பெனிக்காரன் குடுத்த சின்னப் பெட்டி போதுமா, இல்லே பெருசா ஒண்ணு வாங்கணுமா?" ஒரு காலத்தில் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வேன். "பெருசே வாங்குங்க சார், எல்லாம் நம்ம கன்ட்ரோல்ல இருக்கும்" என்பேன். 2021-ஆம் வருஷம் அந்தப் பதில் தப்பு என்று என் சொந்த வீட்டிலேயே தெரிந்து போயிற்று. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில், வேறு துறையில் படித்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ரவுட்டர் என்று நாம் சொல்வது ஒரு கருவி அல்ல. ஒரே டப்பாவுக்குள் ஐந்தாறு பேர் குடியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஒரே முகவரியை வீட்டில் உள்ள எல்லாப் போனுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பவர் ஒருவர். ஒவ்வொரு கருவிக்கும் உள்முகவரி எழுதித் தருபவர் இன்னொருவர். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிச் சொல்லும் டிஎன்எஸ்காரர் ஒருவர். வாசலில் நிற்கும் காவல்காரர் ஒருவர். வயரைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச், காற்றில் பேசும் வை-ஃபை, இவர்கள் போக இப்போது ஃபைபர் வந்த வீடுகளில் ஒளியை மின்சாரமாக மாற்றும் வேலையும் பெரும்பாலும் அதே டப்பாவில்தான். எளிய ரவுட்டர் என்றால் இத்தனை பேரும் வாயைத் திறக்காமல் தங்கள் வேலையைச் செய்வார்கள். நாம் மாற்றக் கூடியது பெயரும் பாஸ்வேர்டும்தான். பெரிய ரவுட்டர் என்றால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு வேலை சொல்லலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஆசை எங்கே தொடங்கியது என்றால், இந்தக் கல்லூரியில்தான். 2002-இல் லிங்க்ஸிஸ் கம்பெனி டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்று ஒரு நீலக் கறுப்பு டப்பா விற்கத் தொடங்கியது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று சிலர் கண்டுபிடித்துக் கேள்வி கேட்க, 2003-இல் அதன் மூல நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் பிறந்தது. நான் இங்கே 2006-இல் சேர்ந்தேன். ஹாஸ்டலில் நாலு பேர் காசு போட்டு ஒரு பழைய ரவுட்டர் வாங்கி, ராத்திரி இரண்டு மணிக்கு அதில் புது மென்பொருள் ஏற்றினோம். பாதியில் கரண்ட் போயிற்று. டப்பா செங்கல் ஆகி விட்டது.

அதை உயிர்ப்பித்துத் தந்தவர் எங்கள் லேப் உதவியாளர் ஐயா. இங்கே இருக்கிற மூத்த அண்ணன்மார்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். கோ-ஆக்சியல் கேபிள் காலத்து ஆள். வரிசையில் ஒரு டெர்மினேட்டர் கழன்றாலே லேப் முழுக்கப் படுத்துவிடும் என்று கதை சொல்வார். அவரிடம் ஒரு நோட்டு இருக்கும். எந்த வயர் எங்கே போகிறது, எதைக் கழற்றினால் எது நிற்கும் என்று அதில் எழுதியிருப்பார். ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். "எழுதி ஒட்டாத வயர் எவனோடதும் இல்லைடா" என்பார். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம்.

இனி 2021-க்கு வருகிறேன்.

என் அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள். பழைய வீடு. கனமான சுவர், மேலே கான்கிரீட் தளம். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோடு வந்தால் அதிர்ஷ்டம். நல்லவேளையாக, வை-ஃபை வழியாகவே போன் பேசும் வசதி 2019 கடைசியிலிருந்து நம் நாட்டில் வரத் தொடங்கியது. அவர்களுடைய போன் அதை நம்பித்தான் ஓடியது. இதை நான் கவனிக்கவே இல்லை. நெட் என்றால் அவர்களுக்கு சீரியல் பார்க்கத்தான் என்று நினைத்திருந்தேன்.

தீபாவளிக்குப் போனபோது கம்பெனிக்காரர் வைத்த சின்னப் பெட்டியின் வை-ஃபையை அணைத்து விட்டு, நான் கொண்டு போன பெரிய ரவுட்டரை மாட்டினேன். வீட்டை மூன்று தனி நெட்வொர்க்காகப் பிரித்தேன்: போன்களுக்கு ஒன்று, டிவிக்கும் கேமராவுக்கும் ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. விளம்பரங்களைத் தடுக்க ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டரை டிஎன்எஸ்காரராக உட்கார வைத்தேன். சென்னையில் என் பிளாட்டிலிருந்து அந்த ரவுட்டரைப் பார்க்க ஒரு ரகசிய வழியும் போட்டேன். இன்னொன்றும் செய்தேன். பொதுவாக, ஒரு டிஎன்எஸ் பதில் சொல்லாவிட்டால் அடுத்ததைக் கேட்கட்டும் என்று இரண்டு முகவரி கொடுப்பார்கள். இரண்டாவதைக் கொடுத்தால் அந்த வழியாக விளம்பரம் வந்து விடும் என்று நானே அதை எடுத்து விட்டேன். அம்மா காபி டம்ளருடன் வந்து நின்று பார்த்து, "என்னமோ பண்றே, நல்லா இருந்தா சரி" என்றார்.

மூன்று வாரம் கழித்து, அடைமழை நாள். ராத்திரி இரண்டு மூன்று தடவை கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. அந்தச் சின்னக் கம்ப்யூட்டரின் மெமரி கார்டு கெட்டுப் போயிற்று. திடீர் திடீரென்று கரண்ட் போனால் அந்த மாதிரிக் கார்டு கெடும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். கார்டு போனது, டிஎன்எஸ் போனது. பெயரைக் கேட்டால் எண் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. போனில் வை-ஃபை அடையாளம் முழுசாகத் தெரிகிறது. ஆனால் அழைப்பு போகவில்லை. போன் கம்பெனியின் வாசலைத் தேடவும் போனுக்கு டிஎன்எஸ் வேண்டுமே!

அந்த ராத்திரிதான் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது.

அம்மா எனக்குப் போட்டிருக்கிறார், போகவில்லை. 108-க்குப் போட்டிருக்கிறார், அதுவும் போகவில்லை. முழங்கால் வலிக்காரி, மழையில் மொட்டை மாடிப் படி ஏறி, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். கிடைக்காமல் இறங்கி வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அந்த வீட்டுப் பையன்தான் தன் காரில் தூக்கிப் போட்டுக் கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

நண்பர்களே, அந்த நேரம் முழுக்க என் போனில் அந்த வீட்டின் நெட்வொர்க் பச்சை விளக்குக் காட்டிக் கொண்டிருந்தது. ரவுட்டர் உயிரோடுதான் இருந்தது. நான் கேட்கச் சொன்னது ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும்தான். அம்மாவால் போன் பேச முடிகிறதா என்று கேட்கச் சொல்லவில்லை.

அப்பா இன்று நன்றாக இருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என்னிடம் கோபப்படவே இல்லை. "நீ நல்லாத்தான் பண்ணியிருப்பே. எனக்குத்தான் எதை அமுக்கணும்னு தெரியல" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் இணைப்புக் கொடுக்கும் தம்பி வந்தார். பத்தாவது முடித்து விட்டு வேலைக்கு வந்தவர். என் மூன்று டப்பாவையும் பார்த்தார். கழற்றி ஓரமாக வைத்தார். பழைய பெட்டியின் வை-ஃபையைப் போட்டு விட்டார். பத்து நிமிஷம். போகும்போது சொன்னார்: "அண்ணே, நீங்க இருக்கும்போது இது சூப்பரா ஓடும். நீங்க இல்லாதப்ப இதை யாரு பாக்குறது?"

பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவன், என்னிடம் பதில் இல்லை.

இதைச் சொன்னதும், "அப்போ சின்னப் பெட்டியே போதும்" என்று நீங்கள் முடிவு கட்டி விடக் கூடாது. அடுத்த பக்கத்தையும் சொல்கிறேன்.

2020 ஊரடங்கில் சென்னையில் எங்கள் பிளாட். நான் ஒரு அறையில் மீட்டிங், மனைவி இன்னொரு அறையில் ஆன்லைன் வகுப்பு எடுக்கிறாள். இணைப்பு வேகம் 100 எம்பிபிஎஸ். ஆனால் மேலே அனுப்பும் வேகம் மட்டும் வெறும் 5. சாயங்காலமானால் இரண்டு பேர் குரலும் அறுந்து அறுந்து போகும். காரணம், யாரோ ஒருவர் போன் அந்த நேரத்தில் அன்றைய போட்டோக்களை மேலே ஏற்றிக் கொண்டிருக்கும்.

நம் ஹாஸ்டல் மெஸ் வரிசையை நினைத்துக் கொள்ளுங்கள். முன்னால் நிற்கிறவன் அறை நண்பர்கள் பத்துப் பேருக்கும் சேர்த்துத் தட்டு நீட்டுகிறான். பின்னால் நிற்கிற நமக்கு ஒரே ஒரு கரண்டி ரசம்தான் வேண்டும். ஆனாலும் காத்திருக்க வேண்டும். சின்னப் பெட்டியில் வரிசை நீண்டு கொண்டே போகும். யாரையும் திருப்பி அனுப்பாது. குரல் ஒரு கரண்டி ரசம், போட்டோ பத்துத் தட்டு. இந்த நோய்க்கு ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் இதற்கு ஒரு மருந்து வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காதே, ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார், நேரம் மிஞ்சினால் சிலதைக் கைவிடு என்பது அதன் சாரம். அதோடு ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு தட்டு என்ற ஏற்பாட்டையும் சேர்த்துப் பின்னால் வந்த முறைகள் பெரிய ரவுட்டர்களில் இருக்கின்றன. லைனின் வேகத்துக்குச் சற்றுக் கீழே அளவு வைத்து அதைப் போட்டேன். அன்று சாயங்காலமே மனைவி, "இன்னைக்கு என்ன, பிள்ளைங்க யாருமே 'மிஸ் கேக்கலை'ன்னு சொல்லலியே" என்றாள். அந்த வீட்டுக்குப் பெரிய ரவுட்டர்தான் சரி. ஏனென்றால் அந்த வீட்டில் அதைப் பார்த்துக் கொள்ள நான் இருந்தேன்.

பாதுகாப்பு விஷயமும் இப்படித்தான். 2016-இல் மிராய் என்று ஒரு நச்சு நிரல் உலகத்தைச் சுற்றியது. அதில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வைத்த பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் சுமார் 60-ஐ வைத்துக் கொண்டு கேமரா, ரவுட்டர் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தது. லட்சக்கணக்கில் திறந்தன. அதே வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் அந்தப் படை திரும்பியபோது அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்கள் எல்லாம் மணிக்கணக்கில் திறக்கவில்லை. மிராயை எழுதியதாக 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக் கொண்டவர்கள் மூன்று பேர். மூவருக்கும் இங்கே உட்கார்ந்திருக்கும் கடைசி வருஷத் தம்பிகளின் வயதுதான். இதைத் தம்பிகள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதனால் சின்னப் பெட்டிதான் ஆபத்தா? அதுவும் இல்லை. மைக்ரோடிக் ரவுட்டர்கள் விவரம் தெரிந்தவர்கள் வாங்குபவை. 2018-இல் அதில் ஒரு ஓட்டை தெரிந்தது. கம்பெனி ஏப்ரலிலேயே திருத்தம் வெளியிட்டு விட்டது. ஆனால் வாங்கி மாட்டியவர்கள் அதை ஏற்றவில்லை. சில மாதத்துக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் வேறு யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டிக் கொடுத்துக் கொண்டிருந்தன. பெரிய பூட்டு வாங்கி மாட்டியாயிற்று; பூட்டினோமா என்று யாரும் பார்க்கவில்லை.

ஆகவே, என்னிடம் இப்போது யாராவது எந்த ரவுட்டர் என்று கேட்டால், நான் திருப்பிச் சில கேள்விகள் கேட்கிறேன்.

முதல் கேள்வி, அந்தத் தம்பி கேட்டது: கெட்டுப் போனால் யார் பார்ப்பது? அந்த வீட்டிலேயே இருப்பவர் பார்ப்பார் என்றால் பெரியது வாங்கலாம். இல்லையென்றால், உள்ளூரில் கூப்பிட்டால் வருகிறவருக்கு எது தெரியுமோ அதுதான் நல்ல ரவுட்டர்.

இரண்டாவது, உங்கள் குறை வேகமா, சுவரா? பின் அறையில் எடுக்கவில்லை என்பதற்காகப் பலபேர் எட்டு ஆன்டெனா வைத்த ரவுட்டர் வாங்குகிறார்கள். ரவுட்டர் கத்தினால் மட்டும் போதாது. போனும் பதில் சொல்ல வேண்டும். போனின் குரல் சின்னது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து வீட்டு இரைச்சலும் அதில் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம். 9 அங்குலச் சுவர் இரண்டைத் தாண்டினால் களைத்து விடும். டிவிக்குப் பின்னால் ஷோகேஸ் மூலையில் ஒளித்து வைத்த ரவுட்டரை வெளியே எடுத்து வீட்டு நடுவில் உயரமாக வையுங்கள். அதற்குச் செலவு இல்லை. அதிலும் தீராவிட்டால் பின் அறைக்கு ஒரு வயர் இழுத்து, அங்கே ஒரு சாதாரண அக்சஸ் பாயின்ட் வையுங்கள்.

மூன்றாவது, துளைகளைப் பாருங்கள். மலிவான பெட்டிகள் சிலவற்றில் வயர் மாட்டும் துளை 100 எம்பிபிஎஸ் அளவுதான். நீங்கள் 300-க்குப் பணம் கட்டினாலும் அந்த வழியாக 95-ஐத் தாண்டாது. வாங்கும்போது கிகாபிட் துளையா என்று கேளுங்கள்.

நான்காவது, எத்தனை வருஷம் திருத்தம் தருவார்கள், அது தானாக ஏறுமா? இந்த விவரம் இல்லாத பெட்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எதை வாங்கினாலும் நிர்வாகப் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து பிரிட்டனில், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பொதுப் பாஸ்வேர்டு வைத்து விற்பதற்கே சட்டப்படி தடை.

ஐந்தாவது, வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்கத்தான் பெரிய ரவுட்டர் என்றால், முதலில் உங்கள் இணைப்புக்குத் தனிப் பொது முகவரி உண்டா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் அப்படித்தான் என்று அர்த்தம். அப்போது எத்தனை ஆயிரம் கொடுத்து ரவுட்டர் வாங்கினாலும் வெளியிலிருந்து நேராகக் கதவு திறக்காது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பெரிய ரவுட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழையது ஒன்று வாங்கிப் பிரியுங்கள், உடையுங்கள், செங்கல் ஆக்குங்கள். நான் இன்று சாப்பிடும் சோறு அப்படிக் கற்றதில் வந்ததுதான். ஆனால் அதை உங்கள் மேஜையில் செய்யுங்கள். அப்பா அம்மா இருக்கிற வீடு லேப் இல்லை. இங்கே ஒரு நெட்வொர்க்கை நன்றாகக் கட்டினால் மார்க் போடுவார்கள். கட்டியவன் ஊரில் இல்லாதபோதும் அது ஓடுமா என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. அதை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் படித்தேன்.

இப்போது ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கம்பெனிக்காரர் கொடுத்த அதே சின்னப் பெட்டி. பின் அறைக்கு ஒரு வயர், அங்கே அதே பெயரில் ஒரு அக்சஸ் பாயின்ட். கரண்ட் போனால் தாங்க, பெட்டிக்கு வேண்டிய 12 வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்கிய ஒரு சின்ன பேட்டரி யுபிஎஸ். மாதம் ஒருமுறை யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி விட்டு அம்மா எனக்குப் போன் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அழைப்பு வந்தால்தான் எனக்குப் பச்சை விளக்கு.

பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். பெரிய எழுத்தில் நாலே வரி: "நெட் இல்லையென்றால் இந்தச் சுவிட்சை அணைத்து, நூறு எண்ணி, மறுபடி போடவும். எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக இருந்தால் வயரில் கோளாறு. இந்த எண்ணில் தம்பியைக் கூப்பிடவும். போன் போகாவிட்டால் வாசல் திண்ணைக்கு வந்து பேசவும். அங்கே சிக்னல் உண்டு. அவசரம் என்றால் முதலில் பக்கத்து வீடு." ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டுக் காகிதம் உண்டு. எங்கள் லேப் உதவியாளர் ஐயா பார்த்தால் பாஸ் மார்க் போடுவார் என்று நம்புகிறேன்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். அந்தக் காகிதத்தின் கீழே அப்பா பேனாவால் ஐந்தாவது வரி ஒன்று சேர்த்திருந்தார்: "இதற்கெல்லாம் அசையவில்லை என்றால் மகனைக் கூப்பிடவும்."

ஐந்தாவது இடம். என் தகுதிக்கு அது சரியான இடம்தான் என்று எனக்கும் பட்டது.

 சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது.